தும்பிலி மீனும் ஐந்து நிமிடப் பேச்சும்

மீன் சந்தையில் ஒரு பெண் காலிக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விற்றுத் தீர்ந்தால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்து டீ குடிப்பார்கள். இந்தக் கூடை நிமிர்ந்திருந்தது. உள்ளே ஈரச் சாக்கு மடிப்புக் கலையாமல் விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தராசு. அதன் தட்டில் ஒரு செதில்கூட ஒட்டியிருக்கவில்லை.

மேற்கு வாசலில், தண்ணீர்க் குழாயை ஒட்டிய இடத்தில், அந்தோணியம்மாள் அப்படி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்த கூட்டம் சந்தைக்குள் வரத் தொடங்கியிருந்தது. பத்தடி தள்ளி, கழுவிவிட்ட சிமெண்டுப் படியில் நான் நின்றேன். ஐஸ் உருகிய தண்ணீர் செருப்புக்குள் ஏறிப் பாதம் விறைத்தது. கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் பதினோரு வரிகள். தாளில்லாமல் பேசிப் பழகிய எனக்கு அந்தப் பதினோரு வரிகளில் ஒன்றும் நினைவில் நிற்க மறுத்தது.

அந்தச் சந்தையில் எழுதிவைக்காத வழக்கம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு தொடங்கி மறு ஞாயிறு நண்பகல்வரை ஒரு மீன்கூட விலைபோகாத இடம், காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். பேறுகாலத்துக்கு விலக்கு உண்டு. சாவு வீட்டுக்கும் உண்டு. ஊர் வாயில் விழுந்தவருக்கு விலக்கு இல்லை. அந்தோணியம்மாளிடம் ஏழு நாளாக எவரும் மீன் வாங்கவில்லை; விலைபோகாத மீனில் நட்டப்பட்டு, அன்று அவர் மீன் எடுக்காமலேயே வந்து உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாளின் நண்பகலுக்குச் சில மணி நேரமே மிச்சமிருந்தது.

எவரும் வாங்காததற்குக் காரணம் நான்.

இத்தொடரில் இதுவரை வென்ற மேடைகளைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். 'திருப்பிக் கொடுத்துவிட நினைத்த கோப்பை ஏதேனும் உண்டா?' என்று ஒரு வாசகர் அஞ்சலட்டையில் கேட்டிருந்தார். உண்டு. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

எச்சரிக்கை மணி

பேசப் பிறந்தவள் நான் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. ஏரலில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கடைக்கு வருகிற அண்ணாச்சிமார் துவரம்பருப்பு நிறுத்து வாங்கும்வரை நான் மனப்பாடம் செய்த பேச்சைக் கேட்டே தீரவேண்டும். நான் முடிக்கும்வரை அப்பா தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பேச்சுப் போட்டி என்பது ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடிக்கும். பழகாதவர்கள் அந்த மணியில் தடுமாறுவார்கள். மீதியை அவசரமாகக் கொட்டிவிட்டு இறங்குவார்கள். எங்கள் பயிற்சியே வேறு. அந்த மணிக்கென்றே ஒன்றை ஒதுக்கி வைத்திருப்போம். மணி அடித்ததும் நிறுத்தி, மூச்சு வாங்கி, கூட்டத்துக்கு ஒரு முகத்தைக் காட்டவேண்டும். பெயர் வேண்டாம். அவர் இருக்கும் இடம், கை, கண், அவ்வளவு போதும். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அதன்பின் பார்க்கத் தொடங்கிவிடும்.

பள்ளிப் பருவத்தில் ஓட்டப்பிடாரத்து மேடையொன்றில் உப்பளத்துப் பெண் ஒருத்தியின் வெடித்த பாதங்களைக் காட்டினேன். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது. அப்படி ஒருத்தியை நான் சந்தித்ததே இல்லை.

இல்லாத முகத்தைக் காட்டியவரை எவருக்கும் கேடில்லை. கல்லூரியின் கடைசி ஆண்டில்தான் முதன்முறையாக இருக்கிற முகம் ஒன்றைக் காட்டினேன்.

நீலம்

தூத்துக்குடியில் வேதியியல் இளநிலை படித்தேன். கடைசி ஆண்டில் இருவர் இருவராகச் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து அறிக்கை கொடுக்கவேண்டும். என் இணை ரோஸ்லின். கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவள். அண்ணன் விசைப்படகில் போகிறவர். என் பேச்சை ரசிக்காத அபூர்வப் பிறவிகளில் ஒருத்தி. 'பேச்சாளரே' என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை துளியும் இருக்காது.

சந்தை மீனில் ஃபார்மலின் கலக்கப்படுகிறதா என்பது எங்கள் ஆய்வு. பிணத்தைக் கெடாமல் வைக்கிற அந்த மருந்தை மீனிலும் தெளிக்கிறார்கள் என்று அப்போது ஊரெங்கும் பேச்சு. சோதனை எளியது. சிறிய தாள் பட்டையை மீனின் மேல் தேய்த்து, அதில் ஒரு சொட்டு மருந்து விடவேண்டும். மருந்து கலந்த மீனென்றால் தாள் நீலமாகும்.

மீனுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தோணியம்மாள் ரோஸ்லினின் தெருக்காரர். படிக்கிற பிள்ளைகளிடம் காசு வாங்கமாட்டேன் என்று சொல்லி, தம் கூடையிலிருந்தும் பக்கத்துக் கூடைகளிலிருந்தும் வகைக்கு ஒன்றாக எடுத்து வாழைமட்டையில் கட்டிக் கொடுத்தார். அது ஒரு புதன்கிழமை காலை.

சாளை, நெத்திலி, பாறை, ஊளி, விளை. ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். தாள் வெளிறியே இருந்தது. எனக்குள் சலிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தும்பிலி. பல்லி போன்ற முகமும் உருண்டு நீண்ட உடலும் கொண்ட மலிவான மீன். மேற்கு வாசலில் அந்தோணியம்மாள் மட்டுமே அதை வழக்கமாக விற்பார். உப்பளத்துப் பெண்கள்தாம் அதை விரும்பி வாங்குகிறவர்கள்.

சொட்டு விழுந்தது. தாளின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு தோன்றி, மெல்ல உள்ளே பரவியது. இன்னொரு பட்டையை எடுத்தோம். அதுவும் நீலம்.

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்டது அச்சமா, கவலையா? இரண்டும் இல்லை. மகிழ்ச்சி. ஊரார் உண்ணும் உணவில் நஞ்சைக் கண்டதாக நம்பிய ஒருத்தி, கையைத் தட்டாத குறையாக மகிழ்ந்தாள். இதை எழுதாமல் விட்டால் மீதியை எழுத எனக்கு உரிமை இல்லை.

எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை தேர்வுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். திரும்பச் செய்யவேண்டும், படகிலிருந்து நேராக எடுத்த தும்பிலியையும் உடன் வைத்துச் செய்யவேண்டும், அதற்குமுன் வெளியே பேசக்கூடாது என்று நடந்துகொண்டே சொன்னார். குறிப்பேட்டில் அழகிய கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளுக்கு மறுநாள் மாவட்டப் பேச்சுப் போட்டி. தலைப்பு: இளம் விஞ்ஞானியின் சமூகப் பொறுப்பு.

தாயே

தலைப்புக்கு ஏற்ற முகம் என் கைவசம் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆகவே தவறில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நான்காம் நிமிடத்து மணி அடித்தது. நிறுத்தினேன். மூச்சு வாங்கினேன். பிறகு, குரலைத் தாழ்த்தி, இதைச் சொன்னேன்:

"மேற்கு வாசலில், குழாயடியில் அமர்ந்து தும்பிலி விற்கும் தாயே, உன் கூடையில் இருப்பது மீனா, பிணவறை மருந்தா?"

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்ததால் இறுதி மணி எவர் காதிலும் விழவில்லை. மூன்றாம் வரிசையில் ரோஸ்லின் கையை மடியில் வைத்தபடி இருந்தாள். பொறாமை என்று நினைத்தேன்.

கோப்பை என் முழங்கால் உயரம். அதை ஏந்தி நான் எடுத்துக்கொண்ட படம் மறுநாளே பதாகையாகிக் கல்லூரி வாசலில் ஏறியது.

பதாகைக்குக் கீழே

யாரோ கைப்பேசியில் எடுத்த அந்த அரை நிமிடக் காட்சி சனிக்கிழமைக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. என் முதல் நான்கு நிமிடங்கள் எவருக்கும் தேவைப்படவில்லை. தாயே என்று தொடங்கி மருந்தா என்று முடிகிற ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பெயரைச் சொல்லவில்லையாம். மேற்கு வாசலில் குழாயடி ஒன்றுதான். அங்கே தும்பிலி விற்கிறவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில், என் பதாகைக்கு நேர் கீழே, ரோஸ்லின் என்னை நிறுத்தினாள். சந்தையில் நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். ஞாயிறன்று கொண்டுவந்த மீன் முழுவதும் திரும்பிப் போயிருக்கிறது. வாடிக்கையான உப்பளத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு கூடைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் குழாயடியில் காறித் துப்பியிருக்கிறார். இடத்தைப் பற்றிய வழக்கத்தையும் அவள்தான் சொன்னாள்.

நஞ்சைக் கண்டு சொல்வது நம் கடமை இல்லையா என்று நான் கேட்டேன். அதைச் சற்று உயர்ந்த தமிழில் கேட்டிருப்பேன் என்று அஞ்சுகிறேன்.

"ஏளா, நிறுத்து" என்றாள் ரோஸ்லின். "படகு மீன வச்சுச் செய்யணும்னு மிஸ் சொன்னாங்கல்லா? செஞ்சியா?"

"இல்லை."

"அப்ப நீ கண்டது நஞ்சில்ல. ஒரு காயிதம் நீலமானதக் கண்ட. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். எங்க தெருவுக்குள்ள நான் எப்படிப் போவேன், சொல்லு பேச்சாளரே."

அவள் அண்ணன் படகில் தும்பிலி கிடைக்குமா என்று கேட்டேன்.

ஒரு பகல், இரண்டு இரவு

அன்று பொழுது சாயும் நேரத்தில் ரோஸ்லினின் அண்ணன் படகிலிருந்து கொடுத்த எட்டுத் தும்பிலிகளோடு துறைமுகப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்தோம். எங்கள் பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீருக்காக நடத்துநர் இருமுறை திட்டினார். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து, அந்த ஐஸில் மீனைப் புதைத்தோம். பெட்டியை நாங்கள் இருவர் தவிர எவரும் தொடவில்லை; ரோஸ்லின் அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தாள்.

புதைக்கும் முன் தேய்த்த தாள் வெளிறியே இருந்தது. என் மனம் குதித்தது. படகு மீனில் நீலம் இல்லை. எனவே சந்தை மீனில் யாரோ கலந்திருக்கிறார்கள்! நான் சொன்னது சரியாகிவிடும். அந்தோணியம்மாள் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று என் நெஞ்சு எவ்வளவு விரும்பியது என்பதை அப்போது உணர்ந்தேன். ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்துவிட்டு பெட்டியை மூடினாள்.

செவ்வாய் மாலை, தாளின் ஓரத்தில் கண்டும் காணாததுமாக ஒரு நிழல். விளக்கின் குறையாக இருக்கும் என்றேன். சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தோம். நிழல் போகவில்லை.

புதன் காலை முடிச்சை அவிழ்த்தோம். தேய்த்தோம். சொட்டு விட்டோம்.

நீலம். சென்ற புதன்கிழமையின் அதே நீலம்.

எவரும் எதையும் கலக்கவில்லை. தும்பிலி தன் உடலிலேயே அதை உண்டாக்கிக்கொள்கிறது. நூலகத்தில் தேடியபோது அது பல காலமாக அறியப்பட்ட செய்தியாக இருந்தது: இவ்வகை மீனில், இறந்தபின் நாள் ஆக ஆக அப்பொருள் தானாகவே ஊறும். நான் நூலகத்துக்குப் போயிருக்க வேண்டிய வாரத்தில் கண்ணாடிக்கு முன் நின்று 'தாயே' என்ற சொல்லின் ஏற்ற இறக்கத்தைப் பழகிக்கொண்டிருந்தேன்.

சுத்தமான அட்டவணை

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர். என் கோப்பையால் கல்லூரிக்கு வந்த பெயரில் உண்மையாகவே மகிழ்ந்தவர். முடிவையும், சந்தைக்குப் போய் மன்னிப்புக் கேட்க நாங்கள் எண்ணியிருந்ததையும் கேட்டுவிட்டு மேசைக் கண்ணாடியை விரலால் தட்டியபடி இருந்தார்.

யார் பெயரையும் சொல்லவில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்க ஆளும் இல்லை என்பது அவர் கருத்து. ஊர் இன்னும் பத்து நாளில் மறந்துவிடும். தும்பிலியை மட்டும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால் மீதி எல்லா மீனும் ஒரே முடிவைக் காட்டுகிறது; அறிக்கை சுத்தமாக இருக்கும், மதிப்பெண்ணும் குறையாது.

என் பேச்சைக் காத்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. அரை நிமிடமாவது நான் அதை எண்ணிப் பார்த்தேன்.

"அந்த ஒண்ண எடுத்துட்டா நாங்க ஒண்ணுமே கண்டுபிடிக்கல சார்" என்றாள் ரோஸ்லின். "எங்ககிட்ட இருக்க ஒரே உண்மை அதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். ரோஸ்லின் சொல்வதுதான் சரி என்றேன். உங்கள் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள் என்பதுபோலக் கையை விரித்தார்.

குறைத்துச் சொல்

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய் அந்தோணியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கும்பிட்டுத் தொடங்கினேன். அவர் கும்பிடைப் பார்க்கவில்லை. மருந்து யாரும் கலக்கவில்லை என்று தெரிந்துவிட்டது, அதை ஞாயிறன்று சந்தையிலேயே எல்லார் முன்னும் சொல்லப்போகிறேன் என்றேன். நீலம் எப்படி வந்தது என்று கேட்டார். நாள் ஆக ஆக மீனிலேயே ஊறுவது என்று விளக்கினேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். நான் எட்டு நாள் கழித்துப் புரிந்துகொண்ட ஒன்று அவருக்கு எட்டு நொடியில் புரிந்துவிட்டது. புதிய மீனில் நீலம் வராது. அவர் மீனில் வந்தது. அப்படியானால் அது புதிய மீன் இல்லை.

"மருந்து போடலன்னு சொல்லு, போதும்" என்றார். "ஐஸ்ல எத்தன நாள் கெடந்துச்சுங்கிறத நீ ஏன் சொல்லுத? இங்கன எல்லாவளும் ஐஸ் மீன்தான் விக்கா. நீ எம்மீன மட்டும்தான் தூக்கிட்டுப் போய் மேடையில வச்ச."

நாள் கணக்கைச் சொல்லாவிட்டால் நீலத்துக்குக் காரணம் சொல்லமுடியாது, காரணம் சொல்லாவிட்டால் எவரும் நம்பமாட்டார்கள் என்று தயங்கியபடி சொன்னேன்.

"அன்னைக்கு ஒண்ணு கூட்டிச் சொன்னல்லா? இன்னைக்கு ஒண்ணு குறைச்சுச் சொல்லேன், என்ன கெட்டுப்போச்சு?"

விடுதிக்கு வந்து எழுதினேன். பதினோரு வரி. அணி இல்லை, அடுக்கு இல்லை. ஒன்பதாம் வரி: 'ஐஸில் இருக்கும் நாள் கூடக் கூட இந்த மீனில் நீலமும் கூடும்.' அதை மட்டும் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் இட்டேன். சொல்வதா, விடுவதா? முடிவு செய்யாமலேயே மறுநாள் சந்தைக்குப் போனேன்.

படியில்

அந்தப் படிக்குத்தான் திரும்பி வருகிறேன்.

மேடையில் ஒலிபெருக்கி இருக்கும், தலைவர் இருப்பார், இருக்கைகள் என்னை நோக்கி இருக்கும். சந்தையில் எல்லா முதுகுகளும் என் பக்கம் இருந்தன. என் முதல் வரியை ஐஸ் உடைக்கும் கட்டையின் ஓசை விழுங்கியது. இரண்டாம் முறை சொன்னேன். ரோஸ்லின் அருகில் இருந்த தகரப் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சிலர் திரும்பினார்கள். ஒருவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அந்தத் 'தாயே' பிள்ளை" என்று அவர் சொன்னதும் பலர் திரும்பினார்கள்.

தாளைப் பார்த்து வாசித்தேன். என் பெயர் இது. நான் மேடையில் சொன்னது தவறு. ஒருமுறை சோதித்துவிட்டு, செய்யவேண்டிய மறுசோதனையைச் செய்யாமல் பேசிவிட்டேன். இப்போது செய்தோம். எவரும் மருந்து கலக்கவில்லை. எட்டாம் வரிவரை வந்தேன்.

அங்கே நின்றேன். அந்தோணியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளத்துக்குப் போகிற பெண் ஒருவர், தலையில் துண்டைச் சுற்றியவர், முன்னால் வந்து கேட்டார்: "மருந்து போடலன்னா, பொறவு காயிதம் ஏன் நீலமாச்சு?"

எவரும் கேளாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுவிட்டார். ஒன்பதாம் வரியை வாசித்தேன்.

ஒரு சலசலப்பு. வயர்க் கூடை வைத்திருந்த ஒருவர் விடவில்லை. "அப்ப அன்னைக்கு இந்த அம்மா வித்தது எத்தன நாள் மீனு?"

எல்லாப் பார்வையும் என்மேல். ஊகம் என்னிடம் இருந்தது. எங்கள் பெட்டி மீன் நீலமான கணக்கு கையிலேயே இருந்தது. அதை அவர்மேல் ஏற்றிச் சொல்ல ஒரு வரி போதும். அப்படி ஒரு வரியைத்தான் முன்பும் சொல்லியிருந்தேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன். "மீன் வாங்கியபோது நான் கேட்கவில்லை."

"எனக்குத் தெரியும்."

அந்தோணியம்மாள் எழுந்து நின்றார். சேலை முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ரெண்டு நாள் மீனு. ரெண்டு நாள் மீனுக்குள்ள வெலதான் சொன்னேன். நேத்துப் பிடிச்ச சீலா அந்தா அங்கன கெடக்கு, காசிருந்தா போய் வாங்கு. காசில்லாதவ எங்கிட்ட வாரா. அவளுக்கு நான் மருந்து போட்டுக் குடுப்பனா?"

வயர்க் கூடைக்காரர் கூடையைக் கை மாற்றிக்கொண்டு நகர்ந்தார். ஐஸ் உடைக்கும் கட்டை மறுபடியும் விழத் தொடங்கியது.

பக்கத்து இடத்துப் பெண் அதுவரை தலை நிமிராமல் செதில் சீவிக்கொண்டிருந்தார். அவர் தம் பெட்டியைச் சரித்து, வேறு மீனோடு கலந்து அடியில் கிடந்த தும்பிலிகளை இரு கையாலும் வாரி அந்தோணியம்மாளின் கூடையில் போட்டார். ஈரச் சாக்கு முதல் முறையாக மடிப்புக் கலைந்தது.

தலையில் துண்டு கட்டிய பெண் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"அரைக் கிலோ போடு. பழைய வெல சொல்லாத."

"இது நேத்து மீனுளா."

"அத நீ சொல்லுத. அந்தப் பிள்ளயக் கூப்பிட்டுத் தேச்சுப் பாக்கச் சொல்லவா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பெண் கேட்ட விலைக்கே நிறுத்துப் போட்டார். இடம் நிலைத்தது, விலை இறங்கியது. அந்த இரண்டையும் செய்தவள் நான்.

நான் கிளம்பும்போது அவராக அழைத்தார். மன்னித்தேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

"இன்னொருக்கா என்னயப் பத்திப் பேசணும்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லிக் காட்டு. பொறவு போய் மைக்கப் பிடி" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு மீன் நிறுக்கத் திரும்பிவிட்டார்.

சொல்லிக் காட்டியது

கோப்பையைத் திருப்பிக் கொண்டுபோனபோது, வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று போட்டி நடத்தியவர்கள் அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் தும்பிலியின் இரண்டு சோதனைகளையும் எழுதினோம். முதற்சோதனையை உறுதிசெய்யாமல் பொதுமேடையில் பேசியதையும் பிழைகள் என்ற பகுதியில் எழுதினோம். படியில் நான் பேசியதை ரோஸ்லின் எடுத்துப் பரப்பப் பார்த்தாள். பழைய அரை நிமிடத்தைப் பார்த்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைப் பார்த்திருக்கமாட்டார்கள். அது இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் சந்தைக்குப் போனேன். கூட்டம் ஓய்ந்த பிற்பகல். அந்தோணியம்மாள் தராசைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தோணியம்மாள் என்பது அவர் பெயர் இல்லை; அந்தப் பிற்பகலில் அவரே தேர்ந்து கொடுத்தது. முழுவதையும் வாசித்துக் காட்டினேன். குரலை ஏற்றவில்லை, தாழ்த்தவில்லை.

இரண்டு இடங்களில் நிறுத்தினார்.

காலிக் கூடைக்கு முன் அவர் கண் கலங்கியிருந்ததாக முதலில் எழுதியிருந்தேன். தாம் கலங்கவே இல்லை என்றார். அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டேன்.

இரண்டாவது, அவரே எழுந்து நின்று சொன்ன இடம்.

"ரெண்டு நாள் இல்ல" என்றார். "திங்கக்கெழம பொழுது அடைய ஏலத்துல எடுத்தேன். புதங்கெழம காலைல உங்களுக்குக் குடுத்தேன். ஒரு பகலு, ரெண்டு ராத்திரி."

எங்கள் பெட்டி மீன் நீலமாக எடுத்துக்கொண்டதும் சரியாக அவ்வளவு நேரம்தான். திங்கள் பொழுது சாய்ந்ததிலிருந்து புதன் காலைவரை. அன்று எல்லார் முன்னும் ஏன் கூட்டிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீ தெரியாதுன்னுட்டு நின்ன. யாராவது சொல்லணும்லா. அந்நேரம் எண்ணிப் பாக்க எனக்கு ஏது நேரம்?" தராசைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். "இப்ப நேரம் இருக்குல்லா. சரியா எழுது."